கூடம் கோணலாகவும் இருக்கலாம்

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழியை நம்மவர் வேறெதற்குப் பயன்படுத்துகிறார்களோ இல்லையோ, வாத்தியம் வாங்கப் போகிறவரின் வாயை அடைக்கத் தவறாமல் பயன்படுத்துகிறார்கள். ஓரிரு ஆண்டுகள் மாண்டலின் பயின்ற ஒருவர், கைவசமுள்ள மலிவுக் கருவியை விடுத்துச் சற்றே நல்லதொன்றை வாங்க விரும்புவதாகச் சொல்லட்டும், "வித்தை விரலில் இருக்கிறது, மரத்திலா இருக்கிறது?" என்ற உபதேசம் உடனே வந்து விழும். அடக்கத்தின் குரல்போல் ஒலிக்கும் இவ்வுபதேசம் பொய்யானது; கையில் அளவாகப் பணம் வைத்திருப்பவர்க்குத் தீங்கானதும்கூட.

பழமொழி சொல்வோர் சீவக சிந்தாமணியையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். காந்தருவதத்தையார் இலம்பகத்தில் இசைப்போட்டிக்கு வந்த சீவகன், நீட்டிய யாழை அப்படியே வாங்கி வாசித்துவிடுவதில்லை. நீரில் நின்று இளகிய மரம், வாளால் புண்பட்ட மரம், இடி விழுந்த மரம் என்று குற்றங்கண்டு ஒவ்வொன்றாக விலக்குகிறான். திருத்தக்கதேவர் இதை ஆடத் தெரியாதவனின் சாக்காகப் பாடவில்லை. இசையறிந்தவனின் அடையாளமாகவே பாடினார். காப்பியத் தலைவனுக்குரிய நியாயம் கடைவீதிக்குப் போகும் மாணவனுக்கு மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று?

மாண்டலினுக்கு இந்நியாயம் இன்னும் கூடுதலாகவே பொருந்தும். எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு இணைகள். சுருதி சேர்ப்பது மேற்கத்திய வயலினைப் போலவே. ஆனால் வயலினில் மெட்டுகள் இல்லை; பிசகிய சுரத்தை விரல் சற்று நகர்ந்து திருத்திக்கொள்ளும். மாண்டலினிலோ உலோக மெட்டுகள் சுரத்தின் இடத்தை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகின்றன. ஒரு மெட்டு உயர்ந்திருந்தால் தந்தி இரையும். தலைப்பக்கத்தில் தந்தி தங்கும் பள்ளம் போதிய ஆழமில்லாதிருந்தால் முதல் மெட்டிலேயே சுரம் ஏறிவிடும். குதிரை பலகையோடு ஒட்டப்படுவதில்லை. தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. அது இடம் பிசகினால் மேலே போகப்போகச் சுருதி விலகும். எவ்வளவு சாதகம் செய்தாலும் இவற்றுள் ஒன்றையும் விரலால் நேர்செய்ய முடியாது. பழுது கருவியில் என்பதை அறியாத மாணவன், தனக்குக் காது இல்லை என்று முடிவுகட்டிக் கருவியைப் பரணில் ஏற்றிவிடுகிறான். உபதேசிகள் இந்த இழப்பைக் கணக்கில் வைப்பதில்லை.

இனி மறுதரப்பாரிடம் வருவோம். வாங்கினால் 'எஃப்' வகையையே வாங்கு, தோளில் சுருள் இல்லாதது மாண்டலினே அல்ல என்பது இவர்கள் கட்சி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம், லாய்ட் லோர் அங்குப் பணியாற்றிய காலத்தில், 1922இல் எஃப்-5 என்ற கருவியை வெளியிட்டது. 1923இல் செய்யப்பட்ட அத்தகைய கருவியொன்றைப் பின்னாளில் பில் மன்றோ வாங்கி, புளூகிராஸ் இசையை அதிலேயே வளர்த்தெடுத்தார். அவர்வழி வந்தோர்க்கு அச்சுருள் குலச்சின்னமாயிற்று. அக்கருவியின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் நாதம் வயலினைப்போல் வளைவாகச் செதுக்கிய பலகைகளிலிருந்தும் இருபுறத்து நீள்துளைகளிலிருந்தும் பிறந்தது. நீர்த்துளி வடிவான 'ஏ' வகையிலும் இவையனைத்தையும் அமைக்கலாம். சீனாவில் செய்யப்படும் ஈஸ்ட்மன் எம்.டி. 305, எம்.டி. 315 ஆகிய இரண்டையும் ஒப்பிடுங்கள்: இரண்டிலும் மேற்பலகை முழு ஸ்புரூஸ் மரம், பின்பலகை முழு மேப்பிள் மரம், இரண்டும் கையால் செதுக்கியவை. முதலாவது ஏ வகை, மற்றது எஃப் வகை. விலை வேற்றுமையோ நூற்றுக்கணக்கான டாலர். பெரும்பாலும் சுருளை இழைத்த கூலி அது. பொருள் சோர்ந்த செய்யுளை அணி காப்பாற்றாது என்று வகுப்பில் சொல்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. செல்வர் சுருளையும் வாங்கட்டும். அளவான பணத்தில் சுருளுக்குப் போகும் ஒவ்வொரு ரூபாயும் மரத்திலிருந்து பிடுங்கியதே.

அப்படியானால் எதைக் கேட்டு வாங்குவது? மேற்பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா என்பது முதற்கேள்வி. செதுக்கியதா, அழுத்தி வளைத்ததா என்பது இரண்டாவது. பிறகு, பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை மெல்லத் தொட்டு மீட்டுங்கள். அடுத்து அதே மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் குதிரையை நகர்த்திச் சரிசெய்ய முடிகிறதா என்று பாருங்கள். கையிருப்பு முழுவதையும் கருவிக்கே கொட்டிவிடாமல் ஒரு பகுதியை, மெட்டுகளைச் சமன்செய்து தந்தியின் உயரத்தைத் திருத்தத் தெரிந்த கைவினைஞருக்கென்று ஒதுக்குங்கள். திருத்தாத விலையுயர்ந்த கருவியைவிடத் திருத்திய நடுத்தரக் கருவி நன்றாகப் பேசும்.

"மாண்டலின் ஸ்ரீநிவாஸ் இதையெல்லாமா பார்த்தார்?" என்று கேட்பார்கள். 1969இல் பிறந்து 2014இல் மறைந்த அம்மேதையின் வாழ்வே என் தரப்புச் சாட்சி. கர்நாடக இசையின் கமகத்துக்கு எட்டுத் தந்தி மாண்டலின் இடங்கொடுக்கவில்லை. அவர் மின்மாண்டலினைக் கைக்கொண்டு, இணைகளை விலக்கி ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவதாக ஒரு தந்தியையும் சேர்த்தார். வித்தை விரலில் மட்டுமே இருந்திருந்தால் இந்த மாற்றங்களுக்குத் தேவை என்ன? அவ்விசையை நாடுவோர் எட்டுத் தந்திக் கருவியை வாங்கி வருந்தவேண்டாம். மேற்பலகையின் மரத்தைக் காட்டிலும் மெட்டுகளின் செம்மை, பிக்அப், ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கே அவர்கள் பணம் செலவிட வேண்டும். எந்த இசைக்கு என்று முடிவுசெய்யாமல் எந்தக் கருவி என்று கேட்பது வீண்.

நல்ல கருவி கேட்பது வசதியுள்ளோரின் ஆடம்பரம் என்பது கடைசி ஆட்சேபம். உண்மை நேர்மாறானது. வசதியுள்ளவர் தவறாக வாங்கினால் நாளையே வேறொன்று வாங்குவார். சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்குகிறவர்க்கு வாய்ப்பு ஒருமுறைதான். ஆகவே அவரே அதிகம் குறை சொல்லவேண்டும், தயங்காமல் சோதிக்கவேண்டும், பிடிக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பவேண்டும். அவரைப் பார்த்துப் பழமொழி சொல்ல நினைப்பவர்கள், முதலில் அந்தப் பன்னிரண்டாம் மெட்டை ஒருமுறை அழுத்தி மீட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு வாய்திறக்கட்டும்.