இரண்டு சிம், ஒரே கோபுரம்

டித்வா புயல் 2025 நவம்பர் 28ஆம் திகதி இலங்கையின் கரையைத் தொட்டது. அதன்பின் மூன்று நாட்கள் எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் இருக்கும் என் அத்தையோடு பேச முடியவில்லை. கிளிநொச்சியில் இருந்தபடி நான்கு இலக்கங்களுக்கு மாறி மாறி அழைத்தேன். 1977 வன்செயலோடு அப்பாவின் குடும்பம் வன்னிக்கு வந்தபோது அத்தை மட்டும் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். 2009இல் எங்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் அவர் மாதக்கணக்கில் காத்திருந்தார். இம்முறை காத்திருந்தது நாங்கள்.

நான்காம் நாள் அழைப்பு போனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, பாடசாலையில் தங்கியிருந்தார்கள். அத்தை சொன்ன ஒரு வார்த்தைதான் மனதில் நின்றது: “நீ மாட்டிக் குடுத்துட்டுப் போன பொட்டியும் சேந்தே செத்துப் போச்சுப்பா.”

அந்தப் பெட்டி, 2023இல் தோட்டத்தின் மாலை வகுப்பு அறையில் நான் பொருத்திய ரவுட்டர். இரண்டு நிறுவனங்களின் சிம் இணைப்புகளை ஒன்றாகக் கையாளக்கூடியது. ஒன்று படுத்தால் மற்றது தூக்கும் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

இத்தகைய ரவுட்டர் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. இரண்டு இணைப்பைப் பூட்டினால் வேகம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. சாதாரண ரவுட்டர் ஒரு காணொளியை இரண்டாக வெட்டி இரு வழியிலும் அனுப்புவதில்லை. புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு தொடர்பையும் ஏதோ ஒரு வழியில் ஏற்றிவிடுகிறது. ஒரு பிள்ளையின் பாடம் இந்த சிம்மில், அடுத்த பிள்ளையின் பாடம் அந்த சிம்மில். ஒரு வழி பலமானது என்றால் மூன்றுக்கு ஒன்று என்று பங்கு வைக்கலாம். இருபது பேர் இருக்கும் அறையில் இது நன்றாகவே வேலை செய்யும். ஒருவர் மட்டும் இருந்தால் பயன் குறைவு. வங்கித் தளங்களில் வேறு தொல்லை: பாதி வேலை ஒரு வழியிலும் மீதி மற்ற வழியிலும் போனால், வேறு ஆள் நுழைந்துவிட்டார் என்று நினைத்து வெளியே தள்ளிவிடும். அதனால் ஒருவரின் வங்கி வேலை முழுவதையும் ஒரே வழியில் கட்டிவைக்க வேண்டும்.

வழி உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர் சில நொடிக்கொருமுறை தட்டிப் பார்க்கும். எங்கே தட்டுகிறது என்பதில்தான் விசயம். அருகிலுள்ள முதல் படியை மட்டும் தட்டினால், அதற்கப்பால் கேபிள் அறுந்திருந்தாலும் எல்லாம் சரி என்றே சொல்லும். தூரத்து முகவரி ஒன்றைத் தட்டச் சொல்லியிருந்தேன். அந்த வகையில் பெட்டி பிழை செய்யவில்லை.

பிழை என்னுடையது. இரண்டு சிம்மும் ஒரே குன்றில் நிற்கும் ஒரே கோபுரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. மின்சாரம் போனது, கோபுரத்தின் பற்றரி சில மணிநேரம் தாங்கிவிட்டு ஓய்ந்தது. இரண்டு பெயர், ஒரு வழி.

இது என் அறைக்கு மட்டும் உரிய குறை இல்லை. கோவிட் காலத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடி மரமேறிய செய்திகள் வந்தன. அக்காலத்தில் அரசு முன்னெடுத்த ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டம் இரத்தினபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பல நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்வது அதன் வழி. சிக்னலே இல்லாத இடத்துக்கு அது நல்லதுதான், செலவும் குறையும். ஆனால் அந்தக் கோபுரம் விழுந்தால் எல்லாரும் சேர்ந்தே விழுவார்கள். நிறுவனங்களும் சுருங்கிவிட்டன. எடிசலாட் 2018இல் ஹட்சோடு சேர்ந்தது, எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்தது. ஐந்தாக இருந்த கைத்தொலைபேசி நிறுவனங்கள் இப்போது மூன்று.

அப்படியானால் இரண்டாவது வழி கம்பியாக இருக்கலாமே? இங்கேதான் பழைய கதை வருகிறது. நிலையான இணைப்புக்கு முகவரி வேண்டும். லயத்துக்கு முகவரி இல்லை, கடிதமும் தோட்டக் கந்தோருக்குத்தான் போகிறது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பின்னும் லயத்தில் இருப்பவருக்கு நிலம் சொந்தமாகவில்லை. சப்ரகமுவவில் எங்கள் ஆட்கள் நுவரெலியாவைப் போலத் திரளாகவும் இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் சிதறிக் கிடக்கிறார்கள். கம்பி வீதியோரக் கிராமத்தோடு நின்றுவிடுகிறது.

வானத்து வழியும் உண்டு. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. தொடங்கியபோது குறைந்த கட்டணமே மாதம் 12,000 ரூபாவாக இருந்தது, கருவி ஒரு இலட்சத்துக்கு மேல். அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதத்தில் ஒன்பது பேர் அதற்கே போய்விடும். ஒரு வீட்டுக்கு முடியாது. ஒரு தோட்டப் பாடசாலைக்கு, சூரிய மின்தகடும் பற்றரியும் சேர்த்து அரசு கொடுக்கலாம்.

இது வசதி பற்றிய பேச்சு இல்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் மலை சரிந்த அதே நாளில் புளத்கொஹுப்பிட்டியவில் தோட்ட லயமொன்றையும் மண் மூடியது. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இன்று மட்டம் மட்டமாக வெளியிடுகிறது. அது கடைசி லயத்துக்குப் போய்ச் சேர ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டும். (தமிழிலும் வர வேண்டும். டித்வாவின்போது அந்தக் குறையும் பேசப்பட்டது.)

இன்னொன்றையும் நாம் மறக்கக்கூடாது. எத்தனை ரவுட்டர் வைத்தாலும், கொழும்பு ஒரு கட்டளையிட்டால் எல்லா வழியும் ஒன்றாகவே அடைபடும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் அப்படித்தான் முடக்கப்பட்டன. தொலைபேசி ஊமையான நாட்களை யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் நான் விளக்கத் தேவையில்லை. மழைக்கு எதிராகப் பாதையைப் பிரிக்கலாம், கட்டளைக்கு எதிராக அது உதவாது. அதற்குச் சட்டம் வேண்டும்.

மழைக்கு எதிரான வேலையைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சிம்மைப் பழைய கோபுரத்திலேயே விட்டுவிட்டு, மற்றதற்கு வெளி அன்டெனா பூட்டி, பள்ளத்தாக்குக்கு எதிரே உள்ள வேறு குன்றின் கோபுரத்தை நோக்கித் திருப்பப் போகிறேன். பற்றரி வாங்கியாகிவிட்டது. அன்டெனாவுக்கு இருபது அடி இரும்புக் குழாய் ஒன்று நட வேண்டும். நிலம் தோட்டத்தினுடையது என்பதால் அனுமதி கேட்டு அத்தை கந்தோரில் கடிதம் கொடுத்திருக்கிறார். துரை இன்னும் பதில் சொல்லவில்லை.