ஒழுகும் கூரைக்கு வாரியம் எங்கே?

உத்திரமேரூருக்கு வெளியூரிலிருந்து வருவோர் தேடிச் செல்லும் இடம் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபம். முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. குடவோலை முறை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் இவ்வூரைக் குறிப்பிட்டார். ஆனால், அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு என்ன வேலை தரப்பட்டது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் 360 நாட்கள். ஏரியைக் கவனிக்கவென்றே ஆண்டுதோறும் ஆள் இருந்தார்கள்.

கடந்த வடகிழக்குப் பருவமழை சற்று ஓய்ந்திருந்த நாளொன்றில், அக்கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு ஒன்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன். மழை விட்டு மூன்று நாளாகியும் கூரையின் நடுப்பகுதி காயவில்லை. கான்கிரீட் பாளம் பாளமாக உதிர்ந்த இடத்தில் துருவேறிய கம்பிகள் தெரிந்தன. கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டிருந்தார்கள். “போன வருஷம்தான் சார் பூசிக் கொடுத்தாங்க” என்றார் வீட்டுக்கார அம்மா. பூசியது கூரையின் உட்புறத்தில். மேலே ஏறிப் பார்த்தால், மாடியின் நடுவில் பாசி படர்ந்த பள்ளம். அதில் இன்னும் தண்ணீர் நின்றது. மழைநீர்க் குழாயின் வாயைச் சருகும் மண்ணும் அடைத்திருந்தன.

நோய் மேலே, மருந்து கீழே. நம் ஊர்ப்புறக் கட்டடப் பராமரிப்பின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காப்பது சிமென்ட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அக்காரத்தன்மையைக் குறைக்கிறது. கம்பியை மூடியிருக்கும் கலவை முக்கால் அங்குலமாவது இல்லாவிட்டால், அல்லது வேலை எளிதாக வேண்டுமென்று கலவையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியிருந்தால், இது விரைந்து நிகழும். அதன்பின் கசியும் நீர் பட்டதும் துரு தொடங்குகிறது. துருவின் பருமன் அது தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு. அந்த வீக்கம்தான் கான்கிரீட்டைக் கீழ்நோக்கிப் பிளக்கிறது. கீழிருந்து சிமென்ட் பூசினால் வெடிப்பு மறையும், துரு நிற்காது. அடுத்த முறை பூச்சும் சேர்ந்து விழும்.

பழைய மெட்ராஸ் தளம் போட்டவர்களுக்கு இந்த வேதியியல் தெரியாது. ஆனால், நீரை நிற்கவிடக் கூடாது என்பது தெரியும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து, மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு. பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் இருக்கும். செலவைக் குறைத்துக் கட்டும் வீடுகளில் முதலில் கைவிடப்படுவது இந்த மேல்தளம்தான். பிறகு அதன் இடத்தை நீர்க்காப்பு பெயின்ட்டைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறோம். இரண்டு கோட் வெள்ளை அடித்தால் பள்ளம் மேடாகிவிடாது. தொலைக்காட்சி விளம்பரத்தில் வேண்டுமானால் ஆகலாம்.

சுவர் ஓதம் வேறு வகை. அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தடுப்புப் பூச்சு இல்லையென்றால், மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலேற்றும். நீர் ஆவியாக, உப்பு பூத்துப் பூச்சு பொரியும். அங்கும் மேலே கெட்டியாகச் சிமென்ட் பூசுவது ஈரத்தை இன்னும் உயரத்துக்குத் துரத்துவதாகவே முடியும்.

2000-01ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 லட்சம் ஊரக வீடுகளை ரூ.2,000 கோடியில் சீரமைப்பதாக 2024இல் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. சராசரியாக வீட்டுக்கு ரூ.80,000. அந்தப் பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதே என் கவலை. முதலில் மாடியில் வாட்டம் கொடுத்து மேல்தளம் போட வேண்டும். ஒரு நாள் நீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். கூரை உலர்ந்த பிறகே உள்ளே தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பி மெலிந்திருந்தால் புதுக்கம்பி சேர்த்துப் பூச வேண்டும். மெலிவு மிகுந்த கூரையை இடித்துவிடுவதே நேர்மை. ஆனால், பில் எழுத எளிது உட்பூச்சு. புகைப்படத்தில் பளிச்சென்று தெரிவதும் அதுவே.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ரூ.3.5 லட்சத்தில் எழும் புதிய வீடுகளுக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது. கட்டுவதற்கு நிதி உண்டு. இருபது ஆண்டு கழித்துச் சீரமைக்கவும் நிதி வரலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் குழாய் வாயிலிருந்து சருகை அள்ளவும், கைப்பிடிச் சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவும் யாருக்கும் பொறுப்பில்லை. குடியிருப்பவர்களே செய்யலாமே என்பார்கள். செய்யலாம்தான். நான் பார்த்த வீட்டில் மாடிக்குப் படிக்கட்டே கிடையாது. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்கித்தான் ஏறினேன்.

ஊராட்சிக்கு ஓர் ஏணி, ஒரு கொத்தனார், செப்டம்பரில் சில நாள் கூலி. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒழுகும் கூரைகளின் பட்டியலைப் படித்து, அக்டோபர் 2 கூட்டத்தில் எத்தனை முடிந்தது என்று கேட்கலாம். அதற்குப் பத்து, பதினைந்து நாளில் பருவமழை வந்துவிடும்.