பல் போன பின்பு

“பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு” என்பர் நம் முன்னோர். பல் போனவருக்குச் சொல் மட்டுமா போகின்றது? பந்தியில் அமரும் விருப்பம் போகின்றது. வாய்விட்டுச் சிரிக்கும் துணிவும் போகின்றது. இதனை எனக்கு உணர்த்தியவர் 72 வயதான என் தாயார். பேத்தியின் சாமத்தியச் சடங்கன்று சேலைத் தலைப்பால் வாயை மறைத்தபடியே அவர் விருந்தினரை வரவேற்றார். அவருடைய கீழ்க் கட்டுப்பல்லோ அடுக்களை யன்னலோரம் ஒரு கிண்ணத்து நீரிற் கிடந்தது.

கீழ்க் கட்டுப்பல் நிலைகொள்ளாமைக்குக் காரணம் உண்டு. மேற்றட்டு அண்ணத்தின் பரப்பிற் படிந்து ஒட்டி நிற்கும். கீழ்த்தட்டுக்கு அத்தகைய பரப்பு இல்லை. நாக்கும் கன்னமும் ஓயாது அதனை அசைக்கும். அன்றியும், பல் பிடுங்கிய இடத்து எலும்பு ஆண்டுதோறும் தேய்ந்து தாழ்வதால், நேர்த்தியாகச் செய்த பல்லும் நாளடைவில் தளரும்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே தாடையெலும்பிற் சிறு திருகாணிகளைப் பதிக்கும் முறை. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பிரோனமார்க் என்பார், 1950களில் முயல்களின் எலும்பிற் பொருத்திய தைத்தேனியக் கருவி, எலும்போடு ஒன்றிப்போய்க் கழற்ற முடியாதிருக்கக் கண்டார். (டைட்டானியம் என்பதும் இவ்வுலோகமே.) அதன் பயனாக 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் அவ்வகைத் திருகாணிகளைப் பதித்தார்.

இத்திருகாணிகளின் மேல் அமையும் முழுப் பல்வரிசை பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது, கழற்றி மாட்டுவது. கீழ்த்தாடையில் இரண்டு திருகாணிகளைப் பதித்து, சட்டையின் அழுத்துப் பொத்தான் போலக் கட்டுப்பல்லை அவற்றின்மீது பொருத்துவர். சிலருக்குத் திருகாணிகளை ஒரு சிறு கம்பியால் இணைத்து, அதன்மேற் கவ்வச் செய்வதும் உண்டு. மேற்றாடையின் எலும்பு மென்மையானது. ஆதலின் அங்கே பொதுவாக நான்கேனும் வேண்டும். இரண்டாவது, கழற்றாது நிலையாக நிற்பது. நான்கு, ஆறு அல்லது மேற்பட்ட திருகாணிகளின்மேற் பல்வரிசை முழுவதையும் முடுக்கிவிடுவர். அதனை வைத்தியரே கழற்றுவார். இயற்கைப் பல்லுக்கு மிக நெருங்கியது இதுவே. செலவிலும் இதுவே மிகுந்தது.

இலண்டனிலுள்ள என் தம்பி, “அண்ணா, செலவு என் பொறுப்பு. அம்மாவுக்குக் கழற்றாத பல்லாகவே வையுங்கோ” என்றான். விலை மிகுந்ததே சிறந்தது என நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்துடனேயே அம்மாவைப் பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன்.

அவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. நிலைப்பல்லின் மாதிரியொன்றையும் சிறு தூரிகையையும் அம்மாவிடம் கொடுத்து, பல்லுக்கும் முரசுக்கும் இடைப்பட்ட அடிப்பாகத்தைத் துலக்கிக் காட்டச் சொன்னார். மூட்டுவாதத்தால் வளைந்த விரல்கள் அவ்விடுக்கினுள்ளே தூரிகையைச் செலுத்தமாட்டாது தடுமாறின. பின்னர் அழுத்துப் பொத்தான் வகையைக் கொடுத்தார். அம்மா இரு பெருவிரல்களாலும் நெம்பி அதனைக் கழற்றிவிட்டார்.

“இதை இரவிலே கழற்றி வைக்கலாமோ, தம்பி?” என்று அம்மா கேட்டார்.

“கழற்றத்தான் வேணும் அம்மா. கழற்றிக் கழுவி வைச்சால் முரசுக்கும் ஓய்வு” என்றார் வைத்தியர்.

எனக்கு வெட்கமாயிருந்தது. பல் வைப்பவர் அம்மா. துலக்கப் போகிறவரும் அம்மா. அவரை ஒரு வார்த்தை கேளாமலன்றோ பிள்ளைகள் இருவரும் முடிவு செய்திருந்தோம்! திருகாணிக்குச் சூத்தை வராது. ஆயினும் அதனைச் சூழ்ந்த அழுக்கினால் முரசு அழன்று, எலும்பு கரைந்து, திருகாணி ஆட்டங்காணும். துலக்க முடியாத நிலைப்பல்லினும் துலக்கக்கூடிய கழற்றுபல் மேலானது. 2002இல் கனடாவின் மொன்றியல் நகரிற் கூடிய வல்லுநர்களும், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு திருகாணிகளின்மேல் அமையும் கழற்றுபல்லே முதல் தெரிவாதல் வேண்டும் என்றனர்.

இதிலும் பராமரிப்பு உண்டு. பொத்தானின் உட்புறத்து வளையம் தேயும். அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். இவ்வகைச் சிகிச்சையை நாடுவோர் சிலவற்றை முன்னரே கேட்டறிதல் நன்று. தாடையெலும்பு போதுமா? மொத்தச் செலவில் திருகாணி மட்டுமா, பல்லும் அடங்குமா? தேய்ந்தவற்றை மாற்ற என்ன ஆகும்? நீரிழிவு, எலும்புத் தேய்வுக்கு உட்கொள்ளும் மருந்து, புகைப்பழக்கம் ஆகியவற்றை ஒளியாது வைத்தியரிடம் கூறுக. வெற்றிலை பாக்கு மெல்லுவோர் முதலில் வாயைப் பரிசோதிப்பித்தல் அவசியம்.

எலும்பு திருகாணியைப் பற்றிக்கொள்ள ஏறக்குறைய நான்கு மாதங்கள் காத்திருந்தோம். பல் பூட்டிச் சில நாட்களின் பின் அம்மா முதலிற் கேட்டது பயற்றம் பணியாரம். தம்பியோடு தொலைபேசியிற் பேசியபோது தலைப்பால் வாயை மூடாமலே சிரித்தார்.

மாணவர்களே, உங்கள் வாயிலுள்ள பல்லுக்கு நிகரான பல்லை எந்த வைத்தியராலும் செய்ய இயலாது. இன்றிரவு உறங்குமுன் அதனைத் துலக்குங்கள்.