திறப்பு யாரிட்ட?

கொழும்பில் நான் படித்த பாடசாலையில் ஒரு தோட்டம் இருந்தது. சரியாச் சொன்னால், ஒரு பெயர்ப்பலகை இருந்தது. திறப்பு விழாவுக்குப் பெரிய ஆக்கள் வந்தார்கள், கத்தரிக் கன்று நட்டார்கள், படம் எடுத்தார்கள். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் கன்றெல்லாம் கருகிக் கிடந்தது. பலகைக்கு ஒண்டும் நடக்கவில்லை.

காலைக் கூட்டத்தில் எங்களுக்குத்தான் ஏச்சு: "பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை." விடுமுறை முழுக்கக் கேட் பூட்டியிருந்தது. திறப்பு யாரிட்ட இருந்தது எண்டு ஒருத்தரும் கேட்கவில்லை.

இது ஒரு பாடசாலையின் நோய் மட்டும் இல்லை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து, வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். மேலிருந்து உத்தரவு வந்தால் கீழே மண் விளையும் என்ற அதே நினைப்புத்தான் பாடசாலைத் தோட்டத்திலும் இருக்கிறது.

"கொழும்பில் எங்க இடம்?" என்பார்கள். வெயில் விழும் ஒரு சுவரோரமும் பழைய உரப்பைகளும் போதும். பையின் அடியில் ஓட்டை போடுங்கள். தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்பு வரும்.

உண்மையான சிக்கல் இடமில்லை, கலண்டர். ஒரு தவணை ஏறக்குறைய மூன்று மாதம். கத்தரியும் மிளகாயும் காய்க்கத் தொடங்க, பள்ளிக்கூடம் பூட்டும். கங்குனும் முளைக்கீரையும் ஒரு மாதத்தில் கைக்கு வரும். கங்குனை வெட்ட வெட்டத் திரும்பத் தளிர்க்கும். விடுமுறைக்கு முன்னமே பிள்ளைகள் கறிச்சட்டியைப் பார்க்கலாம்.

ஆனால் யாருடைய கறிச்சட்டி? எங்கள் தோட்டத்தில் தப்பிப் பிழைத்த நாலு பிடி கீரையும் ஆசிரியர் அறைக்குத்தான் போனது. எங்களுக்குக் கிடைத்தது புல்லுப் பிடுங்கல், அதுவும் பிந்தி வந்ததுக்குத் தண்டனையாக. மண்ணைத் தொடுவது தண்டனை எண்டு பழக்கிவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விவசாயத்தில் விருப்பமில்லை" எண்டு எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

ஆகவே, அடுத்த தோட்டத்துக்கு ரிபன் வாங்க முதல் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி ஒட்டுங்கள். என்ன நடுவது என்று யார் தீர்மானிப்பது? விளைந்ததை யார் சாப்பிடுவது? விடுமுறையில் தண்ணி ஊத்த வாற பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் கேட்டைத் திறந்து விடுவது யார்?

பதில் இல்லையென்றால் கன்றை வாங்காதீர்கள். பாவம், அது நாற்றுமேடையிலேயே இருக்கட்டும்.