கண்மாய் வெட்டும் வேலை உள்ளூராருக்கே

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, ஊர்கள் ஒன்றையொன்று எட்ட முடியாமல் தத்தளித்தன. அப்படியொரு இரவில் கரை உடைப்பெடுத்தால், மாவட்டத் தலைநகரில் அலுவலகம் வைத்திருக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் இயந்திரம் வந்து சேரப்போவதில்லை. ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஜேசிபி வைத்திருப்பவரின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். ஆபத்து நேரத்தில் ஊர் நம்பும் அந்த மனிதருக்கு, கோடையில் அதே குளத்தைத் தூர்வாரும் வேலை நேரடியாகக் கிடைப்பது அரிதாக இருக்கிறது. இது மாற வேண்டும். புதர் அகற்றுவது, தூர்வாருவது, கரையைப் பலப்படுத்துவது ஆகிய மண்வேலைகளைக் குளம் குளமாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்தின் ஒப்பந்ததாரர்களிடமே கொடுக்க வேண்டும்.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 பாசன ஏரிகள், குளங்கள், கண்மாய்கள் இருக்கின்றன. பெரியவை நீர்வளத் துறையிடம், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடம். இவற்றில் மிகப் பலவற்றுக்கு இரண்டு இயந்திரங்களும் நாலைந்து டிப்பர்களும் போதும். ஆனால் பல குளங்களைச் சேர்த்து ஒரே டெண்டராக்கும்போது முன்வைப்புத் தொகை ஏறுகிறது, முந்தைய ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கு கேட்கப்படுகிறது. தவணை கட்டி ஒரு ஜேசிபி வாங்கியவர் அந்த டெண்டரில் கலந்துகொள்ளவே முடியாது. வேலையை எடுக்கும் பெரிய ஒப்பந்ததாரரோ, கடைசியில் அதே ஜேசிபிக்காரரை மணிக்கணக்கு வாடகைக்குக் கூப்பிடுகிறார். இடையில் கைமாறும் பணம் எங்கிருந்து வரும்? வெட்டும் ஆழத்திலிருந்துதான் வரும். மதிப்பீட்டில் மூன்றடி இருக்கும், குளத்தில் ஒன்றரை அடி இருக்கும்.

சீமைக்கருவேலத்தை எடுத்துக்கொள்வோம். தரைமட்டத்தில் வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து, முன்பைவிட அடர்ந்து வளரும் மரம் அது. வேரோடு பிடுங்கினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் கரிமூட்டத் தொழிலுக்கு அதன் விறகுதான் ஆதாரம் என்பதால் மரத்துக்கு விலை உண்டு. விறகை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு வேரைத் தோண்ட டீசல் செலவழிக்க மனம் வராது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்து மாநிலமெங்கும் கருவேலம் அழிப்பு வேகமெடுத்தது. 2022இல் அரசே அந்நியத் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனாலும் வேர் எடுக்காமல் விட்ட இடங்களில் கருவேலம் மறுபடி தழைத்து நிற்கிறது. உள்ளூரில் இருப்பவரானால் அடுத்த மழைக்குப் பிறகு துளிர்த்ததைக் காட்டி, "வந்து எடுங்கள்" என்று கூப்பிட முடியும். வேலை முடிந்ததும் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டவரை யார் தேடுவது?

மண் வெட்டுவதில் இதைவிட நுணுக்கம் இருக்கிறது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் அடிவாரம் பலமிழக்கும். குளத்தின் அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கும் களிமண் படுகையைத் தாண்டி மணல் வரை வெட்டிவிட்டால், தேங்கும் நீர் கீழே இறங்கிவிடும். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மாடு குடிக்க உதவும், நிலத்தடிக்கும் சேரும், வயலுக்குப் பாயாது. எந்தப் பக்கம் வண்டல் கனமாகப் படிகிறது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, கலிங்கு எப்போது கடைசியாக மறுகால் பாய்ந்தது என்பதெல்லாம் அந்தக் குளத்தில் நீச்சல் பழகியவருக்குத் தெரியும். வரைபடத்தில் எல்லாமே ஒரே நீல நிறம்தான்.

இதற்கு எதிரான வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட்டுப் பேச நாம் விரும்பவில்லை. 'உள்ளூர் ஆள்' என்ற பெயரில் ஆளுங்கட்சிப் பிரமுகர் நுழைந்துவிடுவார் என்கிறார்கள். 2017இல் 100 கோடி ரூபாயில் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம், விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு செலவை ஏற்று, பாசனதாரர் சங்கங்களே வேலையைச் செய்யும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது. பல ஊர்களில் சங்கம் பெயரளவில்தான் இருக்கிறது, வேலை வேறு யாரோ செய்கிறார்கள் என்ற புகார் எழுந்தது. தூர்வாரும் சாக்கில் சவுடு மண் செங்கல் சூளைக்கும் மனைநிரப்பவும் போவதும் புதிதல்ல. உள்ளூர்க்காரர் என்பதாலேயே ஒருவர் நேர்மையானவராகிவிட மாட்டார். தினமும் முகம் பார்க்கும் ஊராருக்கு அஞ்சுகிற ஒப்பந்ததாரரும் உண்டு, அவருக்கு அஞ்சி வாய் திறக்காத ஊரும் உண்டு.

ஆகவே வேலை உள்ளூரில் இருக்கட்டும், அளவெடுப்பு வெளியிலிருந்து வரட்டும். வேறு உபகோட்டத்தின் பொறியாளர் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டம் எடுக்க வேண்டும். வெட்டிய ஆழம் தெரிய நடுநடுவே மண்திட்டுகளை வெட்டாமல் விட்டுவைக்கும் பழைய வழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும். அதைப் பார்த்து அளக்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு முழக்கயிறு போதும். எத்தனை கன மீட்டர், எவ்வளவு தொகை, மண் எங்கே கொட்டப்படுகிறது என்ற மூன்றையும் கிராம சபையில் வேலைக்கு முன்னால் வாசிக்க வேண்டும். வண்டல் அந்த ஆயக்கட்டு விவசாயிகளுக்கே முதலில் போக வேண்டும். அவர்கள் தாசில்தாரிடம் அனுமதி பெற்று இலவசமாக அள்ளிக்கொள்ள விதியிலேயே இடமிருக்கிறது.

ஊராரே முன்னின்று மண்வேலையைச் செய்ய முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. மதுரை வட்டாரத்தில் தானம் அறக்கட்டளை வளர்த்த வயலகங்கள் என்ற பாசன விவசாயிகள் சங்கங்கள் விவசாயிகளின் பங்களிப்போடு கண்மாய்களைச் சீரமைத்தன. கஜா புயல் வீசிய மறு ஆண்டான 2019இல் பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் நன்கொடை திரட்டி, இயந்திரம் பிடித்து, பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்கு அதே கவனம் கிடைக்காமல் போக வேண்டிய அவசியமில்லை.

மிச்சமிருப்பது பணமும் காலமும். சிறு ஒப்பந்ததாரர் டீசலுக்கும் ஓட்டுநருக்கும் அன்றாடம் காசு கொடுப்பவர். பில் மாதக்கணக்கில் தேங்கினால் அவர் தவணை கட்ட முடியாமல் இயந்திரத்தை இழப்பார், அல்லது அடுத்த வேலையில் ஆழத்தைக் குறைத்து ஈடுகட்டுவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவெடுத்துப் பட்டுவாடா செய்துவிட்டு, ஒரு பகுதியை மட்டும் அடுத்த வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைக்கலாம். கருவேலம் துளிர்க்கவில்லை, கரை சரியவில்லை என்று பார்த்த பிறகு அதைக் கொடுக்கலாம். குளம் வற்றுவது பங்குனி, சித்திரையில். பணி ஆணை ஆடியில் வந்தால் அவசரத்தில் சுரண்டிவிட்டுப் போவதைத் தவிர யாராலும் வேறெதுவும் செய்ய முடியாது. நீர்வளத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் அடுத்த கோடைக்கான மதிப்பீடுகளைத் தை மாதத்துக்குள் குளம்வாரியாகத் தனித்தனியே எழுதி முடித்து, மாசிக்குள் ஆணை வழங்க வேண்டும்.