பிள்ளைக்குச் சட்டையா, சட்டைக்குப் பிள்ளையா?



வயிற்றோட்டம் கண்ட பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண் குழி விழும். நாக்கு வறண்டு போகும். அழுதால் கண்ணீர் வராது. உடனே ஜீவனி கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்குகிறோம். உடம்பில் நீர் வற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதை எந்த உம்மாவுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நல்ல சுகத்தோடு இருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் இதே நிலையைத் தாங்களாகவே வரவழைத்துக் கொள்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ போன்ற போட்டிகளில் இது நடக்கிறது.

இப்போட்டிகளில் வீரர்களை நிறைப்படி பிரித்தே மோத விடுவார்கள். பெரிய உடம்புக்காரரிடம் சிறியவர் அகப்பட்டு அடிபடக் கூடாது என்பதே நோக்கம். நல்ல ஏற்பாடுதான். ஆனால், தமது நிறையைவிடக் குறைந்த பிரிவில் இறங்கினால் எதிராளி சிறியவராக இருப்பார் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். நிறை பார்க்கும் நாள் நெருங்கியதும் சாப்பாட்டைக் குறைப்பார்கள். தண்ணீரை நிறுத்துவார்கள். காற்றுப் புகாத உடுப்பு அணிந்து ஓடுவார்கள். நீராவி அறையில் இருந்து வியர்ப்பார்கள். சிலர் பேதி மருந்தும் எடுப்பார்கள். நிறை பார்த்து முடிந்ததும், இழந்ததை மீட்க அவசர அவசரமாக உண்டு குடிப்பார்கள்.

இப்படி ஓரிரு நாளில் குறைவது பெரும்பாலும் கொழுப்பல்ல, நீர். ஒரு லீற்றர் நீர் போனால் தராசில் ஒரு கிலோ குறையும். இரத்தத்தில் நீர் குறையும்போது இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. வியர்க்க நீரில்லாதபோது உடம்பின் சூடு உள்ளேயே ஏறுகிறது. சிறுநீரகம் சிரமப்படுகிறது. உடல் நிறையில் 2 வீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோ, இப்படிக் குறைந்தாலே களைப்பு முந்திக்கொள்ளும். ஒரு போத்தல் தண்ணீர் குடித்தவுடன் எல்லாம் பழையபடி ஆகிவிடாது. அதற்குப் பல மணித்தியாலங்கள் வேண்டும்.

“நோன்பிலும் தண்ணீர் குடிப்பதில்லையே?” என்று பிள்ளை கேட்கலாம். நோன்பாளி ஸஹரில் உண்டு பருகுகிறார், மஃரிபில் நோன்பு திறக்கிறார். நிறையைக் குறைப்பதற்காக வியர்வையைப் பிழிந்தெடுப்பதில்லை. நோயாளிக்கு நோன்பை விடச் சலுகையும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல.

1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மாணவர்கள் இவ்வாறு நிறை குறைக்கப் போய் இறந்தார்கள். மூவரும் மல்யுத்த வீரர்கள். வியர்வை ஆறாத உடுப்பு அணிந்து, சூடான இடத்தில் கடும் பயிற்சி செய்தவர்கள். அதன் பிறகே, 1998 இல், அங்கே கல்லூரிப் போட்டிகளில் அத்தகைய உடுப்பும் நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. நிறை பார்க்கும் நேரமும் போட்டிக்கு நெருக்கமாக மாற்றப்பட்டது. 2015 டிசம்பரில் சீனத்து வீரர் ஒருவர், வயது 21, மணிலாவில் இதே காரணத்தால் உயிரிழந்தார்.

2024 ஆகஸ்ட் 6 ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் ஒரே நாளில் மூன்று பேரை வென்று இறுதிப் போட்டிக்குத் தெரிவானார். முன்பு 53 கிலோ பிரிவில் போட்டியிட்டவர், இம்முறை 50 கிலோவில் இறங்கியிருந்தார். இரண்டாம் நாள் காலையிலும் நிறை பார்ப்பது விதி. அன்றிரவு அவர் உறங்கவில்லை. பயிற்சி செய்து வியர்த்தார். தலைமுடியையும் வெட்டினார்கள். காலையில் 100 கிராம் கூடியிருந்தது. நாம் கடையில் வாங்கும் சிறிய தேயிலைப் பக்கெட்டின் நிறை! போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். பதக்கமும் இல்லை. உடம்பில் நீர் வற்றியதால் சிகிச்சை பெற வேண்டியதாயிற்று.

உலகின் மிகச் சிறந்த வீராங்கனைக்கு, வைத்தியர்கள் பக்கத்தில் நின்றும், இந்நிலை என்றால், பாடசாலைப் பிள்ளைக்கு எப்படியிருக்கும்? வளரும் வயதில் பட்டினி வளர்ச்சியைக் கெடுக்கும். பெண்பிள்ளைகள் தொடர்ந்து குறைவாக உண்டால் மாதவிடாய் நின்றுபோகும், எலும்பும் பலமிழக்கும்.

ஆகவே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய விளையாட்டில் சேர்ந்திருந்தால், எந்த நிறைப் பிரிவில் இறக்கப் போகிறார்கள் என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். போட்டிக்கு முன் பிள்ளை தண்ணீர் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, தலை சுற்றுகிறது என்றாலோ சும்மா இருக்காதீர்கள். மயக்கம் வந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். நிறை குறையத்தான் வேண்டுமென்றால், வைத்தியரின் ஆலோசனையோடு பல வாரங்களில் மெதுவாகக் குறையட்டும்.

பெருநாளைக்குச் சட்டை தைக்கும்போது பிள்ளையை அளந்துதான் துணியை வெட்டுகிறோம். சட்டை சிறிதாகிவிட்டது என்பதற்காகப் பிள்ளையை யாரும் வெட்டுவதில்லை. நிறைப் பிரிவும் அப்படித்தான். பிள்ளைக்குப் பொருந்தும் பிரிவில் இறங்கட்டும். தோற்றாலும் சுகத்தோடு வீடு திரும்பட்டும்.