கைக்கணினியின் பெயரும் நினைவும்

புதிய பொருளொன்று நம் நாட்டை வந்தடையும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. அதனை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது ஒன்று. அதற்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பது மற்றொன்று. முன்னதைப் பண்டிதர் பொழுதுபோக்கென்றும், பின்னதைப் பொறியியலாளர் கணக்கென்றும் பிரித்து ஒதுக்கிவிடுவது நம்மவர் வழக்கம். கையடக்கக் கணினி என்னும் பொருளைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டும் ஒரே வினாவின் இரு முகங்களே என்பதும், அவ்வினாவுக்கு விடை கூறும் பொறுப்பு நம் கல்லூரியின் பழைய மாணவராகிய நமக்கு உண்டு என்பதும் நமது கருத்தாகும்.

கையடக்கக் கணினியின் வரலாற்றில் நம் போன்றோர்க்கு நெருங்கிய ஒன்று இந்தியாவிலே நிகழ்ந்தது. பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வினய் ஆகிய அறிஞர்களும், அந்நகரின் என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி, ஆங்கிலம் அறியாத ஏழைக் குடியானவனும் கையாளத்தக்க ஒரு சிறு கணினியை ஆக்க முனைந்தனர். 1998இல் தோன்றிய எண்ணம் 2001இல் உருப்பெற்றது. எளியது, விலை குறைந்தது, பன்மொழியது, மக்களுக்குரியது என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களையும் கணினி என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் ஈற்றையும் இணைத்து, அதற்குச் 'சிம்ப்யூட்டர்' என்று பெயர் சூட்டினர். 2004இல் 'அமிடா' என்னும் பெயருடன் அது கடைக்கும் வந்தது. எழுத்தறியாதவனுக்கு எழுத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டும் ஆற்றலை இந்திய மொழிகள் சிலவற்றில் அதற்கு அளிக்க முயன்றமையே அம்முயற்சியின் தனிச் சிறப்பு.

அப்பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'சிம்பியூட்டர்' என்று எழுதினால், தமிழ் மரபு அறிந்தவன் அங்குள்ள பகரத்தைத் 'தம்பி', 'பாம்பு' என்பவற்றில் வரும் பகரம் போல மென்மையாகவே ஒலிப்பான். மெல்லெழுத்தை அடுத்து நிற்கும் வல்லெழுத்து மெலிந்து ஒலிப்பது நம் மொழியின் இயல்பு. 'சிம்ப்யூட்டர்' என்று புள்ளியிட்டு எழுதினாலும் அவ்வியல்பு முற்றாக விலகுவதில்லை. ஆங்கிலம் கற்றவன் தன் செவியறிவைத் துணைக்கொண்டு வல்லொலியை வருவித்துக்கொள்கிறான். மனிதனுக்கு இது இடரன்று. எழுத்தை மட்டுமே கண்டு வாசிக்க வேண்டிய பொறியின் நிலை வேறு. அதற்கு இலக்கண விதியை ஒரு சில வரிகளில் கற்பித்துவிடலாம். விதிக்கு அடங்காத பிறமொழிச் சொற்களையோ ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு அதன் நினைவிலே பதித்தல் வேண்டும். விதி சிறிய இடத்தில் அடங்கும்; விலக்கு மிகுந்த இடத்தை வேண்டும். உச்சரிப்பென்னும் வினா நினைவென்னும் வினாவாக மாறுமிடம் இதுவே.

வடசொல்லை எடுத்தாளும்போது வடமொழிக்குரிய எழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்துக்கொள்க என்று தொல்காப்பியர் எச்சவியலிலே வகுத்த நெறியை நாம் யாவரும் கற்றிருக்கின்றோம். அதனைப் பழைமைப் பற்றென்று கருதுவார் உளர். பொறியின் நோக்கில் நின்று பார்க்கும்போது அது சிக்கனத்தின் நெறியாகவும் தோன்றுகின்றது. தமிழியல்புக்கு இணங்கிய சொல் விதியால் ஒலிக்கும். அதற்கெனத் தனியிடம் வேண்டா. கணினி என்று தமிழகத்தாரும் கணனி என்று நம்மவர் பலரும் எழுதுவதைப் பற்றிச் சிலர் பெரிதும் வாதிடுகின்றனர். எவ்வடிவை எழுதினாலும் பொறி பிழையின்றி ஒலிக்கும். ஆகலின் அவ்வாதத்திற் செலவிடும் ஊக்கத்தை அதனினும் பெரிய ஒரு குறையை நோக்கித் திருப்புதல் நன்று.

அக்குறை நம் யாழ்ப்பாணத்து ஒலியைப் பற்றியது. ஆங்கில டகர ஒலியை நாம் பெரும்பாலும் றகரத்தாற் குறிக்கின்றோம். பற்றரி, பெற்றோல், ரிக்கற் என்று எழுதுகின்றோம். றகர இரட்டை நம்மிடையே நுனிநாவை அண்பல்லின் மேலிடத்தே ஒற்றி ஒலிக்கும் பழைய ஒலியைப் பெருமளவு காத்து நிற்றலின், அவ்வழக்கு நமக்கு முற்றும் பொருத்தமானது. தமிழகத்திலோ அவ்விரட்டை ரகரச் சாயல் கலந்து ஒலிக்கின்றது. அங்கே பேட்டரி, பெட்ரோல், டிக்கெட் என்று எழுதுவர். இருவழக்கும் தமிழே, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் நம் கருத்தன்று. ஆயினும் தமிழகத்தார் குரலை மட்டுமே பதிந்து ஆக்கப்பெற்ற பொறி 'பற்றரி' என்று நாம் எழுதியதை எவ்வாறு வாசிக்கும்? நாம் ஒருபோதும் சொல்லாத ஒரு சொல்லாகவே வாசிக்கும். 'காற்று', 'நேற்று' என்னும் தூய தமிழ்ச் சொற்களும் நம் வீட்டு ஒலியினின்றும் வேறுபட்டே கேட்கும். பேராசிரியர் சுசீந்திரராசா போன்ற மொழியியலறிஞர் யாழ்ப்பாணத் தமிழின் இயல்புகளை ஆராய்ந்து எழுதிவைத்துள்ளனர். ஆராய்ச்சி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. ஒலி பொறியின் நினைவிலும் இருத்தல் வேண்டும்.

இனி நினைவின் கணக்கைப் பார்ப்போம். 'யாழ்ப்பாணம்' என்பது தமிழிலே ஆறு எழுத்து. அதன் ஆங்கிலப் பெயரும் ஆறெழுத்தே. இன்று உலகெங்கும் வழங்கும் யூனிக்கோட் முறையிலே உயிர்மெய்யின் குறிகளும் மெய்யின் புள்ளியும் தனித்தனி எண் பெறுவதால் நம் ஆறெழுத்துப் பதினொரு குறியாகின்றது. இணையத்தில் வழங்கும் வடிவில் ஒவ்வொரு தமிழ்க்குறிக்கும் மூன்று பைற்று வீதம் 33 பைற்று வேண்டும். ஆங்கிலப் பெயருக்கு ஆறு பைற்றே போதும். கைத்தொலைபேசியின் குறுஞ்செய்தியிலும் இவ்வேற்றுமை உண்டு. ஒரு செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 குறிகள் இடம்பெறுமாயின் தமிழுக்கு 70 மட்டுமே. 1991இல் வெளிவந்த யூனிக்கோட் முதற்பதிப்பிலே, இந்திய மொழிகளுக்கென முன்னரே வகுத்த அமைப்பைத் தழுவித் தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கப்பட்டன. 247 எழுத்தும் அவற்றுள் தனித்தனியே அடங்கா. இக்குறையை நீக்க விரும்பிய அறிஞர், எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓரெண் அளிக்கும் 'தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றம்' என்பதனை வகுத்தனர். 2010இல் தமிழ்நாட்டரசு யூனிக்கோட்டுடன் அதனையும் ஏற்றது. அம்முறையில் யாழ்ப்பாணம் 12 பைற்றில் அடங்கும். எனினும் உலக வழக்கு யூனிக்கோட்டின் பக்கமே நிற்கின்றது. தமிழர் மட்டும் தனிவழி செல்லுதல் எளிதன்று.

இடம் மிகுதியாக வேண்டப்படுகின்றது என்று அஞ்சிக் குறுக்குவழி தேடினால் விளைவது யாது என்பதற்கு நம்மிடையே ஒரு சான்று உண்டு. ஈழத்திலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் நெடுங்காலமாகப் பரவி வழங்கும் 'பாமினி' என்னும் எழுத்துரு ஆங்கில எழுத்துக்களுக்கு ஒதுக்கிய இடத்திலே தமிழ் வடிவங்களைப் பொருத்தியது. அதில் 'தமிழ்' என்று தட்டெழுதினால் ஐந்து பைற்றே செலவாகும். யூனிக்கோட்டின் இணைய வடிவிலோ பதினைந்து. ஆயின் பாமினியிற் பொறி தன் நினைவிலே வைத்திருப்பது தமிழ் என்னும் சொல்லையன்று; ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களையும் ஓர் அரைப்புள்ளியையுமே. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஏடு திறக்கப்படின் தோன்றுவதும் அவையே. வாசிக்கும் பொறியிடம் கொடுத்தால் அது ஒலிப்பதும் அவையே. பத்துப் பைற்றை மிச்சப்படுத்தி மொழியின் பெயரையே இழந்தோம்! அவ்வெழுத்துரு அக்காலத்திலே பல இதழ்களையும் நூல்களையும் அச்சேற்ற உதவியது என்பதை நன்றியுடன் ஒப்புகின்றோம். அதனால் எழுதிக் குவித்தவற்றை அவ்வாறே விட்டுவைத்தல்தான் தகாது.

எழுத்தை விட ஒலி பன்மடங்கு இடம் கேட்கும். தொலைபேசியின் தரத்தில் ஒரு செக்கன் பேச்சைப் பதிய 8,000 பைற்று வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 88 இலட்சம் பைற்றாகும். சிம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பில் இருந்த செயல் நினைவகமோ 32 மெகாபைற்று. அதாவது ஒரு மணி நேரப் பேச்சே அதனை ஏறக்குறைய நிரப்பிவிடும். அதனாலேயே சிறு ஒலித்துண்டுகளைச் சேமித்து, வேண்டியபோது கோத்துச் சொல்லாக்கும் முறை அத்தகைய சிறு பொறிகளுக்கு ஏற்றதாயிற்று. இன்று நிலைமை முற்றும் மாறிவிட்டது. ஒரு சாதாரணக் கைத்தொலைபேசியின் சேமிப்பிடம் 32 கிகாபைற்று எனக் கொண்டாலும் ஆயிரம் மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சு அதில் அடங்கும். இடமில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. இடம் உண்டு, அதிலே வைப்பதற்கு நம் குரல்தான் இல்லை.

சிம்ப்யூட்டர் பெருவெற்றி பெறவில்லை. எதிர்பார்த்த தொகையிற் சிறு பகுதியே விற்பனையாயிற்று. விலை இறங்கிய கைத்தொலைபேசி அதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது. எனினும் அதனை ஆக்கியோர் எண்ணிய ஒன்று என்றும் நினைக்கத்தக்கது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும். ஒவ்வொருவரும் தத்தம் செய்தியைத் தாங்கிய சிறு அட்டையை அதிலே செருகித் தமக்குரியதாக்கிக் கொள்ளலாம் என்று அவர்கள் திட்டமிட்டனர். கருவி பொதுவுடைமை, நினைவு தனியுடைமை என்பது அதன் கருத்து. கருவியை உலகம் ஆக்கித் தரும். நினைவை நாமே கொண்டுசென்று செருகுதல் வேண்டும்.

நினைவை இழத்தல் யாதென்பதை யாழ்ப்பாணத்தார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு நம் பொதுசன நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் தீக்கிரையாயின. அவ்விழப்பை உணர்ந்த இளைஞர் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் காத்து வருகின்றது. அது போற்றத்தக்க பணி. ஆயினும் பக்கத்தின் படம் வேறு, பக்கத்திலுள்ள எழுத்து வேறு. படத்தைக் கண்ணுள்ளவனே வாசிப்பான். எழுத்தாக்கியதைப் பொறியும் வாசித்துக் காட்டும். சுன்னாகம் வாழ்வகம் போன்ற இல்லங்களில் தங்கிப் பயிலும் பார்வையிழந்த மாணவர்க்கு இவ்வேற்றுமை நூலுக்கும் வெற்றுத்தாளுக்கும் உள்ள வேற்றுமையாகும்.

ஆங்கிலம் கற்றால் இத்துயரெல்லாம் தீருமன்றோ என்று சிலர் வினவுவர். ஆங்கிலம் கற்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை; நம் கல்லூரி அதனையும் கற்பித்தே வந்துள்ளது. ஆங்கிலம் கல்லாத தாய்க்கும், கண்ணிழந்த முதியவருக்கும், முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் பொறி என்ன மொழியிற் பேசுவது என்பதே நம் வினா. வேறு சிலர், காலப்போக்கில் பெருநிறுவனங்களே எல்லாவற்றையும் செய்து தரும் என்பர். அவை செய்யும், தம்மிடம் மிகுதியாகக் கிடைக்கும் குரலைக் கொண்டே செய்யும். கோடிக்கணக்கானோர் பேசும் வழக்கின் முன் சிறு குடாநாட்டின் வழக்கு தானாகச் சென்று இடம்பிடியாது.

ஆதலின் இவ்விழா ஆண்டிலே நம் சங்கத்தார் முன் மூன்று பணிகளை வைக்கின்றோம். முதலாவது, பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிலே கிடக்கும் கல்லூரி மலர்களையும் அறிக்கைகளையும் யூனிக்கோட்டுக்கு மாற்றிப் பிழை திருத்தி வைத்தல். மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. திருத்தும் கண்களே தேவை. இரண்டாவது, கணினி வருவதற்கு முன் அச்சான மலர்களை உயர்வகுப்பு மாணவர் ஆளுக்குச் சில பக்கங்களாகத் தட்டெழுதுதல். மூன்றாவது, முதியோர், நடுவயதினர், மாணவர் என்னும் மூன்று தலைமுறையினரும் நம் ஒலியில் வாசிக்கக் கேட்டுப் பதிந்து, வாசித்த எழுத்துடன் இணைத்து, ஆராய்வோர் எவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைத்தல். மதிலும் மண்டபமும் எழுப்பும் செலவோடு ஒப்பிடின் இவற்றுக்காகும் செலவு மிகச் சிறிது. முதியோர் குரலை மட்டும் காலங்கடந்தபின் எப்பொருள் கொடுத்தும் பெறல் இயலாது. அதனாற் பதிவுப்பணி முற்பட வேண்டும்.

கைக்கணினிக்கு எப்பெயர் நிலைக்குமோ அதனை மக்கள் நா முடிவு செய்யும். அந்நாவின் ஒலி பொறியிலே இடம்பெறுமா என்பதை நாம் முடிவு செய்தல் வேண்டும். நாளை நம் கல்லூரி மாணவன் ஒருவன் தன் கையிலுள்ள பொறியைப் பார்த்து இம்மலரை வாசி என்று பணிக்கும்போது, 'காற்று' என்னும் சொல் அவன் பாட்டி சொன்னவாறே ஒலிக்கட்டும்.